பழைய அம்பாசடருக்கு வேறு செல்ஃப் மோட்டார் போடுவது: எர்த், புஷ், பல் கணக்கு

தண்டை_மார்க்4 எழுதியது:

வணக்கம். அப்பா ஓட்டிய 1986 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. தண்டையார்பேட்டையில் வைத்து ஓட்டுகிறேன். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) எப்படியோ இழுத்துப் பிடித்து எடுத்துவிடுகிறது. சூடேறிய பிறகு அணைத்தால்தான் தொல்லை. கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்காக அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த ஸ்விட்ச்) 'டக்' என்கிறது, அப்புறம் ஒரு முக்கல், அதோடு நின்றுவிடுகிறது. பின்னால் வரிசையாக கன்டெய்னர் லாரிகள். இறங்கி ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது. ஹேண்டிலில் அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொள்வதால் பிளக், பாயின்ட், கார்புரேட்டர் பக்கம் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

பேட்டரி புதுசு. சோலனாய்டும் மாற்றியாயிற்று. இப்போது எலக்ட்ரீஷியன், "செல்ஃப் போச்சு. சோலனாய்டு முதுகிலேயே இருக்கிற புது மாடல் ஒண்ணு போட்டுடலாம்" என்கிறார். வண்டியில் இருப்பது சோலனாய்டு தனியாகப் பக்கத் தகட்டில் இருக்கும் பழைய பெண்டிக்ஸ் வகை (மோட்டார் சுற்றும் வேகத்திலேயே சின்னப் பல்சக்கரம் ஓடிப் போய் இன்ஜினைக் கடிப்பது). எதைப் போடுவது? நானே கழற்றி மாட்ட முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆர்கே_நகர்_டாக்சி எழுதியது:

பழைய வகையே போடுங்க தம்பி. டாக்சி ஓட்டின காலம் முழுக்க அதே செல்ஃப்தான், பிரஷும் (கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை) புஷ்ஷும் (தண்டைத் தாங்கும் வெண்கல வளையம்) மாற்றி மாற்றியே ஓட்டினோம். மோட்டார் மொத்தமாகப் போவது அபூர்வம்.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

தம்பி, ஸ்பேனரை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள். பேட்டரி, சோலனாய்டு இரண்டையும் அளக்காமலே மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாக மோட்டாரையும் அப்படி மாற்ற வேண்டாம்.

வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு அளங்கள், குறை சூட்டில்தானே தெரிகிறது. இன்ஜின் கிளம்பாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றி, முனை எங்கும் படாமல் டேப் சுற்றி வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, நீங்கள் நான்கு இடத்தில் வோல்ட் பாருங்கள்.

முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் கட்டைகளுக்கும் நடுவே. சும்மா இருக்கும்போது 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 10க்குப் பக்கத்தில் நிற்கணும், 9.6க்குக் கீழே போகக்கூடாது. இரண்டாவது, பேட்டரி பாசிட்டிவ் கட்டையிலிருந்து மோட்டாரின் தடித்த போல்ட் வரை. இது அரை வோல்ட்டுக்குள் இருக்கணும். மூன்றாவது, பேட்டரி நெகட்டிவ் கட்டையிலிருந்து மோட்டாரின் உடம்பு வரை. 0.2, மிஞ்சிப்போனால் 0.3. கடைசியாக மோட்டார் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே, அதாவது மோட்டாருக்கு உண்மையில் போய்ச்சேரும் வோல்ட். ஒவ்வொரு தடவையும் பத்து வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். நடுவில் ஆறவிடுங்கள்.

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஆகவே ஒயரிங் சரி என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியர் அளவு. செல்ஃப் 150 ஆம்பியருக்கு மேலே போகும். ஒரு இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் ஹெட்லைட்டுக்கு 0.1 வோல்ட் குறையும், யாருக்கும் தெரியாது. அதே இடத்தில் செல்ஃபுக்கு ஒன்றரை வோல்ட் போய்விடும்.

காசிமேட்டான் எழுதியது:

லோகோ ஐயா சொன்ன மூன்றாவது அளவை விட்டுவிடாதீர்கள். நம்ம பக்கம் கடற்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் நிற்கும் வண்டிகளில் எர்த் பட்டைதான் முதலில் போகும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், லக்குக்குள் (முனையில் போல்ட் மாட்டும் வளையம்) பச்சை பூத்திருக்கும். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான் அதற்கும் பாடிக்கும் மின் தொடர்பு. அது போனால் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அந்தக் கேபிள் உள்ளே உருகி ஒட்டிக்கொண்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

தண்டை_மார்க்4 எழுதியது:

அளந்துவிட்டேன், இன்ஜின் நல்ல சூட்டில். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி கட்டைகளில் 10.6. பாசிட்டிவ் பக்கம் 0.3. எர்த் பக்கம் 1.2. மோட்டாருக்குக் கிடைப்பது 9.1. சோக் கேபிள் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

பாருங்கள், 10.6இல் 0.3ம் 1.2ம் போக 9.1. கணக்கு நேர் செய்கிறது, ஆக அளவை நம்பலாம். எர்த்தில் மட்டும் ஒன்றேகால் வோல்ட் நஷ்டம். வரும் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தும் வடிகால் அடைத்திருந்தால் தண்ணீர் ஓடாது, அதே கதைதான்.

புதுப் பட்டை தடிமனாக வாங்குங்கள். லக் கிரிம்ப் செய்ததாக இருக்கட்டும். இரண்டு முனை உட்காரும் இடத்திலும் பெயின்ட், துரு, கிரீஸ் எல்லாவற்றையும் எமரி தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பேட்டரி நெகட்டிவ் பாடியில் சேரும் இடத்தையும் இதே மாதிரி செய்யுங்கள். மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள்.

தண்டை_மார்க்4 எழுதியது:

பட்டை மாற்றியாயிற்று. காசிமேட்டு நண்பர் சொன்னது போலவே பழைய பட்டை லக்குக்குள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இப்போது எர்த் பக்கம் 0.1. பாசிட்டிவ் பக்கம் அதே 0.3. ஆனால் பேட்டரி கட்டைகளில் 10.0க்கு இறங்குகிறது, மோட்டாருக்கு 9.6. காலையில் செல்ஃப் துள்ளி எடுக்கிறது, இந்த வண்டியில் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஆனால் சூட்டில் இன்னும் கனமாகத்தான் சுற்றுகிறது.

பெரம்பூர்_லோகோ எழுதியது:

வழி திறந்ததும் மோட்டார் முன்னைவிட அதிகமாக இழுக்கிறது, அதனால்தான் பேட்டரி கீழே இறங்குகிறது. ஹேண்டிலில் இன்ஜின் லேசாகச் சுற்றுவதால் இன்ஜின் இறுக்கம் இல்லை. கரண்டும் போகிறது, சுற்றவும் மாட்டேன் என்கிறது என்றால் மோட்டாருக்குள்ளே ஆர்மேச்சர் (சுருள் சுற்றிய சுழலும் பாகம்) எங்கோ உரசுகிறது, அல்லது சுருளில் ஷார்ட். இனிமேல் கழற்றலாம்.

பாடி_பெஞ்ச் எழுதியது:

நான் பாடி பக்கம் செல்ஃப், டைனமோ வேலைதான் பார்க்கிறேன். செல்ஃப் மோட்டார் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி 1961இல் தொடங்கி இங்கேயே இருப்பதால் இந்த வேலை தெரிந்த கைகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. கழற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மோட்டார் போல்ட்டில் ஸ்பேனர் இருக்கும்போது அது இன்ஜினைத் தொட்டால் கை வெந்துவிடும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கீழே போகணும், வெறும் ஜாக்கியை நம்பக்கூடாது.

மோட்டார் இன்ஜினின் வலது பக்கம், டிஸ்டிரிப்யூட்டருக்குக் கீழே படுத்திருக்கும். இரண்டு போல்ட். மேல் போல்ட்டை மேலிருந்தும் கீழ் போல்ட்டை அடியிலிருந்தும் கழற்றுவது சுலபம். இது இஞ்ச் வண்டி, ஆகவே 9/16 ஸ்பேனர் வேண்டும். 9/16 என்பது 14.3 மில்லிமீட்டர். 14 உள்ளே போகாது, 15 வழுக்கி மூலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த மேல் போல்ட்டை அந்த இடுக்கில் எடுப்பது பெரிய பாடு. முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு வையுங்கள்.

கேபிள் நட்டைத் திருகும்போது அதற்கு உள்பக்கம் இருக்கும் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட் சேர்ந்து சுற்றினால் உள்ளே ஃபீல்டு காயில் (மோட்டார் உடம்பில் சுழலாமல் நிற்கும் சுருள்) இணைப்பு முறுகி அறுந்துவிடும். மாட்டும்போதும் இதே கவனம் வேண்டும். இந்த ஒரு காரணத்தால் போன நல்ல மோட்டார்கள் எங்கள் பட்டறைக்கு நிறைய வருகின்றன.

கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், ஏழெட்டு கிலோ இருக்கும்.

வெளியே வந்ததும் பினியன் (தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) பக்கத் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. உள்ளே போல் ஷூ (ஆர்மேச்சரைச் சுற்றி நிற்கும் காந்த இரும்பு) மேலும் ஆர்மேச்சர் மேலும் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு டெஸ்ட் லாம்ப் எடுத்து ஒரு முனையைக் கம்யூட்டேட்டரிலும் (பிரஷ் உரசும் செம்புத் தகடுகள்) மறு முனையைத் தண்டிலும் வையுங்கள். விளக்கு எரியக்கூடாது. எரிந்தால் ஆர்மேச்சர் எர்த் ஆகிவிட்டது.

மோட்டார் இல்லாமல் இருக்கும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, ஹேண்டிலால் இன்ஜினை மெதுவாகச் சுற்றி ரிங் கியர் (ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம், பினியன் கடிப்பது இதைத்தான்) பல் முழுவதையும் பார்த்துவிடுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது ஃப்ளைவீல் எதிரெதிரான இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். தேய்மானமும் அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும். இந்த வாய்ப்பு மறுபடி சுலபமாகக் கிடைக்காது.

தண்டை_மார்க்4 எழுதியது:

கழற்றிப் பிரித்துவிட்டேன். மேல் போல்ட்தான் கஷ்டப்படுத்தியது, மற்றபடி நீங்கள் சொன்னபடியே வந்தது. தண்டு நன்றாக ஆடுகிறது. ஆர்மேச்சரில் ஒரு பக்கம் ஆழமாக உரசிய தடம், டெஸ்ட் லாம்ப்பும் எரிகிறது. ரிங் கியர் பல் ஓரங்கள் இரண்டு இடத்தில் லேசாக மழுங்கியிருக்கின்றன, உடையவில்லை.

பாடி_பெஞ்ச் எழுதியது:

புஷ் தேய்ந்து, தண்டு இறங்கி, ஆர்மேச்சர் போல் ஷூவில் உரசி, கடைசியில் சுருளின் இன்சுலேஷனும் போயிருக்கிறது. சூட்டில் அதிகமாகத் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். புஷ் ஆடத் தொடங்கியபோதே மாற்றியிருந்தால் சின்னச் செலவில் முடிந்திருக்கும். இப்போது ஆர்மேச்சர் கட்டணும், இல்லாவிட்டால் வேறு மோட்டார். நல்ல மோட்டார் கிடைத்தால் அதுவே மேல். ரிங் கியர் இன்னும் ஓடும்.

வியாசை_பத்மினி எழுதியது:

வேறு மோட்டார் என்றதும் என் அனுபவத்தைச் சொல்லணும். என்னுடையது பத்மினி, 1089 சிசி. கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டியதிலிருந்து செல்ஃப் சரியில்லை. ஒரு கடையில் ரீகண்டிஷன் மோட்டார் கொடுத்தார்கள். வெள்ளி பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரியே இருந்தது. போல்ட் ஓட்டை எல்லாம் பொருந்தியது, மெக்கானிக் மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பினால் 'கர்ர்' என்று அரைக்கும் சத்தம், சில சமயம் பினியன் மாட்டிக்கொண்டு அசையாது. கழற்றிப் பார்த்தால் பினியனில் பல் எண்ணிக்கையே வேறு. ரிங் கியரில் பல் முனைகள் சிதைந்துவிட்டன. கடைக்காரர் "மாட்டின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். கடைசியில் கியர்பாக்ஸை இறக்கி ரிங் கியர் மாற்ற வேண்டியதாயிற்று, மோட்டாரைப் போலப் பல மடங்கு செலவு. போல்ட் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து யாரும் வாங்காதீர்கள்.

பாடி_பெஞ்ச் எழுதியது:

இவர் சொன்னது மிகவும் முக்கியம். கழற்றிய மோட்டாரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துத்தான் வாங்கணும். பினியன் பல்லை எண்ணுங்கள். பல்லின் வெளி விட்டத்தைக் காலிப்பரால் அளங்கள். ஃபிளேஞ்ச் (மோட்டாரை இன்ஜினில் போல்ட் போடும் தகடு) முகத்திலிருந்து பினியன் ஓய்ந்து நிற்கும் தூரம் இரண்டிலும் ஒன்றாக இருக்கணும். சுழலும் திசை ஒன்றாக இருக்கணும், இதைக் கடையிலேயே பேட்டரி கொடுத்துப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கும்போது மோட்டார் துள்ளும், வைஸில் பிடித்திருக்க வேண்டும். லோடு இல்லாமல் அதிக நேரம் ஓடவும் விடக்கூடாது, சீரிஸ் மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

சோலனாய்டு முதுகில் இருக்கும் வகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கெட்ட மோட்டார் இல்லை. பல்லைக் கடித்த பிறகுதான் சுற்றத் தொடங்கும் என்பதால் ரிங் கியருக்கு நல்லது. ஆனால் உங்கள் ஃப்ளைவீலுக்கு அது செய்யப்பட்டதல்ல. பழைய பெண்டிக்ஸ் மோட்டார் சுற்றத் தொடங்கியதும் பினியன் தன் கனத்தால் பின்தங்கி, சுருள் புரியில் ஓடிப் போய் ரிங் கியரைக் கடிக்கும். லூகாஸின் பல வகைகளில் அது ரிங் கியரைத் தாண்டி நின்று மோட்டார் பக்கமாக உள்ளே ஓடி வரும். சோலனாய்டு வகையில் பினியன் மோட்டார் பக்கமிருந்து வெளியே தள்ளப்படும். ரிங் கியர் பல்லில் சரிவு வெட்டியிருப்பது பினியன் நுழையும் பக்கத்தில். நுழையும் பக்கம் மாறினால் சரிவு வெட்டாத முனையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும். ரிங் கியரையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் மட்டும் அந்த யோசனைக்குப் போங்கள்.

ஆர்கே_நகர்_டாக்சி எழுதியது:

பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கிற புதுப்பேட்டையில் தேடுங்க. பெயின்ட் அடிக்காத, அழுக்கோடு இருக்கிற மோட்டாரா பார்த்து எடுங்க தம்பி, உள்ளதை உள்ளபடி பார்க்கலாம்.

தண்டை_மார்க்4 எழுதியது:

புதுப்பேட்டையில் அதே வகை கிடைத்தது, பெயின்ட் இல்லாமல். பல், விட்டம், ஃபிளேஞ்ச் தூரம், திசை எல்லாம் ஒன்று. ஆர்மேச்சர் சுத்தம், டெஸ்ட் லாம்ப் எரியவில்லை. புஷ், பிரஷ் மட்டும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். லேத் பட்டறையில் கம்யூட்டேட்டரை லேசாகச் சீவி, தகடுகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவையும் (கரண்ட் தடுக்கும் தகடு) ஆழமாக வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

பாடி_பெஞ்ச் எழுதியது:

சீவலாம். மைக்காவை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டைனமோவில் வெட்டுவார்கள், அந்தப் பழக்கத்தில் கேட்கிறார்கள். இந்த லூகாஸ் செல்ஃப் மோட்டார்களில் மைக்கா தகட்டோடு சமமாகவே இருக்கணும் என்பதுதான் கம்பெனி முறை. வெட்டினால் கார்பன் தூளும் செம்புத் தூளும் அந்தப் பள்ளத்தில் சேரும்.

புது புஷ் நுண்துளை வெண்கலம். அடிப்பதற்கு முன் மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஒரு முழு நாள் ஊறணும், அதுதான் அதன் ஆயுள் முழுவதற்குமான எண்ணெய். அடித்த பிறகு உள்ளே ரீமர் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) விடக்கூடாது, துளைகள் அடைத்துப்போகும். தண்டின் அளவுக்குச் சரியான, வழவழப்பான கம்பி வைத்து அடித்தால் அளவு தானாக வரும். பிரஷ் நான்கு. ஃபீல்டு காயில் அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியம் என்றால் ஈயம் ஒட்டாது, பழைய பிரஷ் ஒயரில் ஒரு துண்டை விட்டு அதில் பற்றவைக்கணும்.

பெண்டிக்ஸ் புரியைப் பெட்ரோலில் கழுவிக் காயவிடுங்கள். கிரீஸ் பூச வேண்டாம். கிளட்ச் தூசி ஒட்டிப் பினியன் நடுவழியில் நின்றுவிடும்.

மாட்டும்போது: மோட்டாருக்கு எர்த் அதன் ஃபிளேஞ்ச் வழியாகத்தான். ஆகவே ஃபிளேஞ்ச் முகம், இன்ஜின் பக்க முகம் இரண்டையும் வெறும் உலோகம் தெரியும்வரை துடையுங்கள். பெயின்ட் அடித்த ரீகண்டிஷன் மோட்டார்கள் பல, இந்த முகத்தில் இருக்கும் பெயின்ட்டாலேயே மந்தமாகச் சுற்றும். இரண்டு போல்ட்டையும் கையால் முழுவதும் ஏற்றிய பிறகு இறுக்குங்கள். கேபிள் நட்டுக்கு உள் நட்டைப் பிடிப்பது நினைவிருக்கட்டும். நெகட்டிவ் கடைசியில்.

தண்டை_மார்க்4 எழுதியது:

மாட்டி ஓட்டிவிட்டேன். மைக்காவைத் தொடவிடவில்லை, புஷ் முழு நாள் ஊறியது. நல்ல சூட்டில் அளவு: பேட்டரி கட்டைகளில் 10.9, பாசிட்டிவ் 0.2, எர்த் 0.1, மோட்டாருக்கு 10.6. மத்தியான வெயிலில் எண்ணூர் விரைவுச் சாலை நெரிசலில் அணைத்து அணைத்து எடுத்தேன், ஒவ்வொரு முறையும் உடனே பிடித்தது. லோகோ ஐயா, பாடி அண்ணா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்டினேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒரு சந்தேகம். மழுங்கிய ரிங் கியரில் எப்போதாவது பினியன் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஆர்கே_நகர்_டாக்சி எழுதியது:

சாவியை அணைத்துவிட்டு டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க, விட்டுடும்.

பாடி_பெஞ்ச் எழுதியது:

அது சரியான முறை. இடம் இல்லாவிட்டால் மோட்டாரின் பின் முனையில் சின்ன மூடி இருக்கும், அதை எடுத்தால் தண்டு சதுரமாகத் தெரியும். அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பினியன் பின்வாங்கும். சாவி அணைந்திருக்கணும்.

காசிமேட்டான் எழுதியது:

என் வண்டி அதே அம்பாசடர், டீசல். இந்தப் பெட்ரோல் மோட்டார் ஆகுமா?

பெரம்பூர்_லோகோ எழுதியது:

ஆகாது. டீசலின் அழுத்த விகிதம் மிக அதிகம், இந்த மோட்டார் அதைச் சுற்றாது. சுற்ற முயன்று சுருள் கருகும். டீசலுக்கு உரிய மோட்டார் தனி. அளக்கும் முறை மட்டும் இரண்டுக்கும் பொது, எர்த்திலிருந்து ஆரம்பியுங்கள்.

தண்டை தம்பி, பழைய மோட்டாரைச் செம்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்மேச்சர்தான் போயிற்று. ஃபீல்டு காயில், பெண்டிக்ஸ், இரண்டு மூடிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இந்த வகை உதிரிகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. எண்ணெய்த் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, கடற்காற்று படாத இடத்தில் வையுங்கள்.